மொய் நோட்டுல பேரு இருக்கு... போட்டோவுல நான் எங்கே?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ். பிறந்ததிலிருந்து இதுவரைக்கும் எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து, எத்தனை பால் காய்ச்சுற விசேஷத்துக்குப் போயிருப்பீங்க? நான் பரளச்சிக்காரி. எங்க பக்கம் சொந்தக்காரங்க விசேஷத்துக்குப் போகாமல் இருப்பது கொலைக் குற்றத்துக்குச் சமம். அதனால் எப்படியும் நூறைத் தாண்டியிருப்பேன். அந்த நூறிலும் கேமராக்காரர் என்னை எடுத்திருக்கிறார். மேடையில், பந்தியில், பட்டுப்பாவாடையோடு மூக்கு ஒழுக நின்ற வயதில்கூட... அந்தப் படமெல்லாம் எங்கே? யார் வீட்டு பீரோவிலோ, கனமான அட்டை போட்ட ஆல்பத்துக்குள்ளே. என் கையில் ஒன்றுகூட இல்லை.

ஆனால் நாங்க வைத்த மொய் மட்டும் பத்திரமா இருக்கு பாஸ்! 'பரளச்சி, இன்னார் மகன் இன்னார், ரூ.501' என்று நோட்டில் ஏறிவிட்டால் இருபது வருஷம் கழித்தும் பக்கத்தைப் புரட்டிக் காட்டுவார்கள். மதுரைப் பக்கம் கம்ப்யூட்டரே வைத்து மொய்க்கு ரசீது அடித்துக் கொடுக்கிறார்கள். வந்த பணத்துக்கு இவ்வளவு மரியாதை. வந்த முகத்துக்கு?

இப்போ அதுக்கும் ஒரு வழி வந்தாச்சு. சிட்டி ஃப்ரெண்ட்ஸ் ஏற்கெனவே பார்த்திருப்பீங்க. வாசலில் ஒரு க்யூ.ஆர் அட்டை. மொபைலில் ஸ்கேன் செய்து ஒரு செல்ஃபி எடுத்தால் போதும். போட்டோகிராபர் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில், நீங்க இருக்கிற படத்தை மட்டும் பொறுக்கி எடுத்து உங்க போனுக்குக் கொடுத்துவிடும். க்விக்பிக், ப்ரீமேஜிக் என்று இந்தியாவிலேயே இதற்கு நிறுவனங்கள் இருக்கின்றன. எங்க ஊருக்கு இந்தச் சமாசாரம் வந்தது போன மாசியில், அத்தை பேரனோட காதுகுத்துக்கு. (எங்க விசேஷத்துக்கு வந்தது மேலே சொன்ன ரெண்டும் இல்லை. வேறொரு ஆப். பேர் எதுக்கு, விடுங்க.)

பரளச்சி எங்கே இருக்கு என்று கேட்பவர்களுக்கு... விருதுநகர் மாவட்டம், திருச்சுழி தாலுகா. அருப்புக்கோட்டையைத் தாண்டி வந்தால் கரிசல் காடு, சீமைக்கருவேலம், அங்கங்கே கரிமூட்டப் புகை. மழை பேய்ஞ்சா மல்லி, மிளகாய், பருத்தி. பேயலைன்னா கருவேலம்தான் சோறு போடும். எங்க தாலுகாவில் பிறந்து உலகம் பூராவும் சுவரில் மாட்டியிருக்கிற முகம் எனக்குத் தெரிந்து ஒண்ணே ஒண்ணுதான். 1879-ல் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷி. மத்தவங்க முகமெல்லாம் ரேஷன் கார்டோடு சரி.

குலதெய்வக் கோயில் வேப்பமரத்தடியில் பந்தல். மொய் எழுதுகிற டேபிளுக்குப் பக்கத்திலேயே க்யூ.ஆர் அட்டையை ஒட்டிவிட்டுப் போய்விட்டார் ஸ்டுடியோ அண்ணன். அதுதான் வினை! மாமா ஒருத்தர் ஜிபேயைத் திறந்து அதை ஸ்கேன் செய்துவிட்டு, "என்னப்பா இது... ஆயிரத்தொண்ணு போட வர்றேன், வாங்க மாட்டேங்குது!" என்று சத்தம் போட, மொய் எழுதிக்கொண்டிருந்த பெரியப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சொன்னார்: "அது மூஞ்சிக்கு மாப்ள. காசுக்கு இங்கிட்டு வா."

மறுநாள் சாயங்காலம் லிங்க் திறந்தது. நான் முதலில் தேடியது என்னை இல்லை, எங்க அப்பத்தாவை. வயது எண்பதை நெருங்குது. காதில் தண்டட்டி. அவங்களுக்கென்று இருக்கிற போட்டோ மொத்தம் மூணு. ரேஷன் கார்டு, ஓட்டுப் போடுற அட்டை, ஆதார். அதிலும் ஆதாரில் அப்பத்தாவைப் பார்த்தால் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கும். போனை முகத்துக்கு நேரா பிடித்து, "அசையாம பாரு அப்பத்தா" என்றேன். எங்க தெருவில் டவர் ஒரு கோடுதான் காட்டும். வட்டம் சுத்திக்கொண்டே இருந்தது. அப்புறம் மளமளவென்று வந்து விழுந்தது... 41 படங்கள்!

பேரனின் மொட்டைத் தலையில் சந்தனம் தடவுகிறார். பந்தியில் எலும்பை இலை ஓரமா ஒதுக்குகிறார். யாரையோ திட்டுகிறார். ஒரு படத்தில், பெருநாழிக்குக் கட்டிக்கொடுத்துப் போன பழைய சேக்காளி ஆச்சியோடு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்கிறார். ரெண்டு பேருக்கும் பல் இல்லை. அப்பத்தா போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது யாருத்தா... நானா?"

"நீதான்."

"இதை ஒண்ணு பெருசாப் போட்டு வை. நான் செத்தா பிளக்ஸுல இதைத்தேன் வைக்கணும். அந்த ஆதார் மூஞ்சியை வச்சிராதீக."

சிரிக்காதீங்க. கிராமத்துக்காரங்களுக்கு இந்த வார்த்தையோட கனம் தெரியும். ஒருத்தர் போய்ச் சேர்ந்ததும் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸுக்கு நல்ல படம் தேடி வீடே பெட்டியைக் கவிழ்க்கும். கடைசியில் ஆதார் கார்டை ஸ்கேன் செய்து, ஊதிப் பெரிதாக்கி, முகமே கலங்கிப்போய் முச்சந்தியில் நிற்பார்கள். வாழ்நாள் பூரா உழைச்ச மனுஷிக்குக் கடைசியா அந்த முகமா?

இன்னொருத்தர், தவில் வாசிக்க வந்த பெரியவர். என் போனிலேயே அவர் முகத்தைத் தேடிக் கொடுத்தேன். 19 படம். "நாப்பது வருசமா வாசிக்கேன். வாசிக்கிற மாதிரி ஒரு போட்டோ கெடையாதும்மா" என்றார். அவர் வாசித்த கல்யாணங்களின் ஆல்பங்களில் எல்லாம் அவர் இருப்பார். அதைத் திருப்பிப் பார்க்க அவரை யார் கூப்பிட்டார்கள்? இந்த ஆப்பை நான் கொண்டாடுவது இதற்காகத்தான். மாப்பிள்ளை-பொண்ணு, தாய்மாமன், வி.ஐ.பி என்று அதுக்கு எந்த வரிசையும் தெரியாது. சமையல் மாஸ்டரின் முகமும் எம்.எல்.ஏ.வின் முகமும் அதுக்கு ஒண்ணுதான். நம்பர்!

ஆமா பாஸ், நிஜமாகவே நம்பர்தான். டிஜிட்டல் கேமராவில் முகத்தைச் சுற்றி ஒரு சதுரம் வருமே, ஞாபகம் இருக்கா? அந்த வேலையை வேகமாகச் செய்யும் வழியை 2001-ல் வயோலா, ஜோன்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அது 'இங்கே ஒரு முகம் இருக்கு' என்பதோடு நின்றுவிடும். யார் முகம் என்று சொல்வது அடுத்த கட்டம். 2015-ல் கூகுள் ஆட்கள் ஃபேஸ்நெட் என்று ஒன்றை வெளியிட்டார்கள். ஒரு முகத்தைக் கொடுத்தால் அதை 128 எண்களாக மாற்றிவிடும். ஒரே ஆளின் இரண்டு படங்கள் என்றால் அந்த எண்கள் கிட்டக்கிட்ட இருக்கும். வேறு ஆள் என்றால் தூரம் போய்விடும். இன்றைக்கு இருக்கிற ஆப்களும் கிட்டத்தட்ட இந்த வழியில்தான் போகின்றன. நம்ம செல்ஃபியும் எண், விழாப் படங்களும் எண். எது எதுக்குப் பக்கம் என்று அளந்து பார்ப்பதுதான் வேலை.

எவ்வளவு பக்கம் இருந்தால் 'அதே ஆள்' என்று ஒரு கோடு கிழிக்க வேண்டும். இறுக்கமாகக் கிழித்தால் நம்ம படமே நமக்கு வராது. தளர்த்தினால் அடுத்தவர் படமும் சேர்ந்து வரும். அப்பத்தாவின் 41-ல் மூணு படம் அப்பத்தா தங்கச்சியோடது! காதுகுத்துப் பயலை முடி இறக்கறதுக்கு முன்னாடி, பின்னாடி என்று தேடிப் பார்த்தேன். மொட்டை அடித்தும் கண்டுபிடித்துவிட்டது. ஆனால் கூடவே பக்கத்து வீட்டு மொட்டை ஒன்றையும் இழுத்து வந்தது. இது எங்க ஊர் ஆப்பின் குறை மட்டும் இல்லை. அமெரிக்க அரசின் 'நிஸ்ட்' நிறுவனம் 2019-ல் 189 முக அடையாள மென்பொருட்களைச் சோதித்தது. வேறு ஆளை 'அதே ஆள்' என்று சொல்லும் தப்பு, பல மென்பொருட்களில் ஆசிய, ஆப்பிரிக்க முகங்களுக்கு வெள்ளைக்கார முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு வரை அதிகம் இருந்தது. குழந்தைகள், வயதானவர்களிடமும் இந்தத் தப்பு கூடுதல். காதுகுத்து வீட்டில் வேறு யார் இருப்பார்களாம்?

அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். அடுத்து சொல்லப்போவது அப்படி இல்லை.

சித்தப்பா மகள், எனக்குத் தங்கச்சி. காலேஜ் ஃபர்ஸ்ட் இயர். தினமும் அருப்புக்கோட்டைக்கு பஸ். எங்க வகையறாவில் காலேஜ் படி ஏறின இரண்டாவது பொண்ணு அவள். முதல் ஆள் நான். காதுகுத்துக்கு அவள் கிளாஸ் பசங்க ரெண்டு பேர் வந்திருந்தார்கள். அவள் பந்தியில் தண்ணீர் ஊற்றுகிறாள், ஒரு பையன் ஏதோ சொல்கிறான், ரெண்டு பேரும் சிரிக்கிறார்கள். படம் அவ்வளவுதான். 4,600 படங்களுக்குள் அது ஒரு மூலையில் கிடந்தது. பழைய காலமாக இருந்தால் ஆல்பத்துக்கே வந்திருக்காது.

யாரோ அவளுடைய வாட்ஸ்அப் டிபியை ஒரு போனில் திறந்து, இன்னொரு போனின் கேமராவுக்கு முன்னால் காட்டியிருக்கிறார்கள். ஆப் அதை அவளுடைய செல்ஃபி என்றே நம்பி, அவள் இருக்கும் 63 படத்தையும் அள்ளிக் கொடுத்துவிட்டது. பின்னால் ஸ்டுடியோ அண்ணன் தேடினவர்களின் பட்டியலைத் திறந்து பார்த்தபோதுதான் இது தெரிந்தது. தேடப் பயன்பட்ட செல்ஃபியில் இன்னொரு போனின் ஓரம் விழுந்திருந்தது. அந்த 63-ல் ஒன்றை மட்டும் எடுத்து, சுற்றியிருந்தவர்களை வெட்டிவிட்டு, அவளும் அந்தப் பையனும் மட்டும் தெரிகிற மாதிரி பங்காளிகள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். கீழே எழுத்து எதுவும் இல்லை. தேவையும் இல்லையே.

சித்தப்பா ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூணாம் நாள் காலையில், "படிச்சது போதும்" என்றார். தங்கச்சி அழக்கூட இல்லை. பையைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டு விறகு எடுக்கப் போய்விட்டாள். நானும் அண்ணனும் பேசிப் பார்த்தோம். ஒண்ணும் நடக்கவில்லை. கடைசியில் வாயைத் திறந்தது அப்பத்தாதான். "பந்தியில உக்காந்தவனுக்குத் தண்ணி ஊத்துனா சிரிச்ச மொகமாத்தேன் ஊத்தணும். நானுந்தேன் போட்டோவுல சிரிச்சிருக்கேன். என்னையும் சேத்துப் பூட்டு" என்று சித்தப்பாவின் முகத்துக்கு நேரா கேட்டார். அடுத்த திங்கள்கிழமை தங்கச்சி பஸ் ஏறினாள்.

ஆனால் அதற்கப்புறம் ஒரு விசேஷத்திலும் அவள் போட்டோவுக்கு நிற்பதில்லை. கேமரா திரும்புகிற பக்கம் துப்பட்டாவை இழுத்து முகத்தை மறைத்துக்கொள்கிறாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. போட்டோவே கிடைக்காத அப்பத்தாவுக்குப் படம் கொடுத்த அதே பொருள், தங்கச்சியை எல்லாப் படத்திலிருந்தும் வெளியே தள்ளிவிட்டது.

யோசித்துப் பார்த்தால், பழைய ஆல்பமும் ஒன்றும் யோக்கியம் இல்லை. அடுத்த வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் பார்த்து, "இந்தப் பச்சைச் சேலைப் புள்ள யாரு?" என்று கேட்டு முடிந்த கல்யாணங்கள் எத்தனையோ. ஆனால் அங்கே பக்கத்தில் ஒரு அத்தை உட்கார்ந்திருப்பார். "எதுக்குக் கேக்குற?" என்று திருப்பிக் கேட்பார். இங்கே அந்தத் திருப்பிக் கேட்கிற ஆள் இல்லை. விமான நிலையங்களில் 2022 டிசம்பரில் தொடங்கிய டிஜி யாத்ராவிலும் முகம்தான் சாவி. ஆனால் அங்கே என் முகத்தைக் காட்டி நான்தான் நான் என்று நிரூபிக்கிறேன். இங்கேயோ என் முகத்தை யார் வேண்டுமானாலும் காட்டலாம். டிபி வைத்திருக்கிற பொண்ணு எல்லாரும் சாவியை வாசலில் தொங்கவிட்ட மாதிரிதான். பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். மூஞ்சியை மாற்ற முடியுமா?

பெரிய இடத்துக்காரர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள். ஆட்களின் முகத்தைத் தானாகக் கண்டுபிடித்து 'டேக்' பண்ணச் சொல்லிக்கொண்டிருந்த ஃபேஸ்புக், 2021 நவம்பரில் அந்த வசதியை மூடி, நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களின் முகக் கணக்கை அழிக்கப்போவதாக அறிவித்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2008-லேயே இதற்கென ஒரு சட்டம் உண்டு. கேட்காமல் முகத்தை எண்ணாக்கினார்கள் என்ற வழக்கை முடிக்க ஃபேஸ்புக் 65 கோடி டாலர் கொடுக்க வேண்டிவந்தது. நம்ம ஊரில், தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள்ளேயே வெளியாட்கள் புகுந்துவிட்டார்கள் என்று 2024 மே மாதம் செய்தி வந்தது. போலீஸ் பெட்டிக்கே இந்தக் கதி என்றால் காதுகுத்துப் பெட்டிக்கு?

நமக்கும் சட்டம் இருக்கு. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமல் என்று கணக்கு. என்ன எடுக்கிறோம், எதற்கு என்று சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம், அழிக்கச் சொல்லலாம். 18 வயதுக்குக் கீழே என்றால் அப்பா-அம்மாவின் ஒப்புதல் வேண்டும். காதுகுத்து விசேஷத்தின் ஹீரோவுக்கு வயது ஒன்றரை! அவன் முகம் எண்ணாகி எந்த ஊர் சர்வரில் இருக்கிறதோ... மதினியிடம் யாரும் கேட்கவில்லை.

ஸ்டுடியோ அண்ணனிடம் சண்டை போடும் எண்ணத்தில்தான் போனேன். டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார். "முந்தி விசேஷம் முடிஞ்சு ஆறு மாசத்துக்கு, 'அண்ணே என் போட்டோ, அண்ணே என் போட்டோ'ன்னு போன் வந்துக்கிட்டே இருக்கும்மா. ஒருத்தருக்கு அனுப்பி ஒருத்தருக்கு அனுப்பலைன்னா சண்டை. இப்ப லிங்க் கொடுத்தா முடிஞ்சது. தொறக்குற எல்லாருக்கும் என் ஸ்டுடியோ பேரும் நம்பரும் தெரியும். நாலு ஆர்டர் வருது." அவர் பிழைப்பு அவருக்கு. ஃபிலிம் ரோலுக்கு 36 படம் என்று எண்ணி எண்ணி எடுத்த அப்பாவின் மகன் அவர்.

அப்புறம் லேப்டாப்பைத் திருப்பி செட்டிங்கைக் காட்டினார். ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் திரும்பி வந்தது. எல்லாம் இருக்கு! பின் நம்பர் போட்டால்தான் திறக்கும் என்று வைக்கலாம். கண் சிமிட்டச் சொல்லி, தலையைத் திருப்பச் சொல்லி, கேமரா முன்னால் நிற்பது ஆளா போட்டோவா என்று சோதிக்கலாம். எந்தப் படத்தையும் மறைக்கலாம். இத்தனை நாளில் தானாக அழிந்துவிட வேண்டும் என்று தேதி வைக்கலாம். எல்லாமே 'ஆஃப்'.

"ஏண்ணே?"

"ஆன் பண்ணுனா கஸ்டமருக்குக் கஷ்டம்னு கம்பெனிக்காரன் சொன்னான். அதுபோக, இதுவரைக்கும் யாருமே கேக்கலையேம்மா."

வைகாசியில் எங்க அண்ணனுக்குக் கல்யாணம். அதே ஸ்டுடியோதான். இந்த முறை அட்வான்ஸ் கொடுக்கும்போதே நான் கூட உட்கார்ந்தேன். பின் நம்பர் பத்திரிகையில் அச்சாகும். ஆள்தானா என்ற சோதனை ஆன். சின்னப் பிள்ளைகள் படங்கள் இந்த ஆப்புக்குள் போகாது, பெற்றவர்களுக்குத் தனியாக வரும். முப்பது நாளில் எல்லாம் அழிய வேண்டும், அழித்ததை ஸ்கிரீனில் காட்ட வேண்டும். பந்தலில் இடது பக்கம் கடைசி வரிசை, கேமரா வராத வரிசை. போன் இல்லாதவங்களுக்கு என் போன்.

பத்திரிகை ப்ரூஃப் வந்தபோது பெரியப்பா பின் நம்பரைப் பார்த்துவிட்டு மிரண்டுபோனார். "என்னத்தா இது, கீழ 1501-ன்னு போட்டிருக்கு? மொய் இம்புட்டுன்னு நாமளே அச்சடிச்சா ஊரு காறித் துப்பாதா?" நம்பரை 4682 என்று மாற்றினோம்.

தங்கச்சியிடம் ஏற்பாட்டை எல்லாம் சொன்னேன். எதுக்கும் பதில் இல்லை. கடைசியில், "கேமரா வராத வரிசையில எத்தனை சேரு?" என்றாள்.

"இருபது."

"ஒண்ணு எனக்குப் போட்டு வைக்கா. தாலி கட்டினதும் நேரா அங்க வந்திர்றேன்... அப்பத்தாகூட ஒரே ஒரு படம் மட்டும் எடுத்துக்கிட்டு."